ஆக்கியோனும் அறிவோனும்: வீக்கோவின் அறிவுக் கொள்கை

இத்தாலியில் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் 1699 முதல் நாவன்மைக் கலைப் பேராசிரியராக விளங்கியவர் ஜியாம்பட்டிஸ்டா வீக்கோ (1668-1744). டெக்கார்ட்டின் கொள்கையை மறுத்தவர் என்றே மெய்யியல் வரலாற்று நூல்கள் அவரைப் பெரிதும் குறிக்கின்றன. இது பிழையன்று, முழுமையும் அன்று. தாம் வகுத்த அறிவு வரிசையையே அவர் பின்னர்த் தலைகீழாக்கினார் என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

உள்ளத்தில் தெளிவாகவும் திட்பமாகவும் தோன்றுவதே உண்மை என்பது டெக்கார்ட் கொண்ட அளவுகோல். கணிதமே அதற்கு முன்மாதிரி. வரலாற்றுக்கும் பழங்கதைக்கும் அதில் இடம் அரிது. 1708இல் மாணவர்முன் ஆற்றிய உரையில் வீக்கோ இதனை மறுக்கத் தொடங்கினார். 1710இல் வெளிவந்த அவருடைய இலத்தீன் நூலில் அம்மறுப்பு ஒரு கோட்பாடாக உருப்பெற்றது. உண்மையும் ஆக்கப்பட்டதும் ஒன்றே. ஒன்றனை ஆக்கியவனே அதனை முற்ற அறிவான் என்பது அக்கோட்பாடு. வடிவகணிதம் உறுதியுடையதாவது, புள்ளியும் கோடும் மாந்தர் உள்ளம் வகுத்துக்கொண்டவை என்பதனால். இயற்கையைப் படைத்தவன் இறைவன். ஆதலின் அதனை முற்ற அறிபவனும் அவனே. இதுகொண்டு வீக்கோ இயற்பியலை இகழ்ந்தார் எனல் பொருந்தாது. இயற்கையின் செயலை ஒத்ததொன்றைச் செய்துகாட்டும் சோதனைமுறையை அவர் போற்றவே செய்தார்.

அந்நூலில் அவர் தரும் வரிசை கருதத்தக்கது. கணிதத்தினும் இயக்கவியல் உறுதி குறைந்தது, அதனினும் இயற்பியல், அதனினும் அறவியல். மாந்தர் உள்ளத்தின் அசைவுகள் ஆழ மறைந்தவை, எல்லையற்ற விருப்பத்தினின்று எழுபவை என்பது அவர் கூறும் காரணம். ஆனால் 1725இல் வெளிவந்த ‘புதிய அறிவியல்’ வேறு பேசுகிறது. குடிமை உலகை ஆக்கியோர் மாந்தர். எனவே அதன் நெறிகளை மாந்தர் உள்ளத்திலேயே தேடிக் காணலாம் என்கிறது. கடையிலிருந்தது இயற்பியலைக் கடந்து மேலேறிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அவர் ஆழ்ந்திருந்தது சட்ட வரலாற்றில். 1720-22இல் அத்துறையில் நூல்களும் வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக மாந்தர் ஆக்கி மாற்றிய பொருளைச் சட்டத்தில் அவர் கண்டமையே இம்மாற்றத்திற்கு வித்தாயிற்று எனலாம். அவ்வுழைப்பு 1723இல் அவர் நாடிய சட்டப் பேராசிரியர் பதவியைப் பெற்றுத் தரவில்லை. ‘புதிய அறிவியல்’ அச்சாகும் செலவை ஏற்பதாயிருந்த கர்தினாலும் பின்வாங்கவே, வீக்கோ தம் மோதிரத்தை விற்று நூலைச் சுருக்கி அச்சிட்டார்.

இக்கொள்கைக்கு ஒரு தடை உண்டு. பழங்காலச் சமூகத்தை ஆக்கியோர் அக்கால மாந்தர். அறிய முற்படுவோரோ பிற்காலத்தவர். வீக்கோ இதனை உணராதவர் அல்லர். முதல் மாந்தரின் சிந்தனையை எட்டத் தமக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன என்கிறார். அதற்கு அவர் கொண்ட கருவிகள் தொன்மம், வழக்காறு, மொழி என்பன. ‘சட்டம்’ எனப் பொருள்படும் ‘லெக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல் முதலில் காட்டில் ஓக் மரக்கொட்டை திரட்டுவதைக் குறித்தது. பின் மக்கள் திரள்வதையும், இறுதியில் எழுத்துகளைத் திரட்டுவதாகிய படித்தலையும் சுட்டும் சொற்கள் அதனின்று கிளைத்தன என்பது அவர் விளக்கம். இச்சொல்லை ஓக் மரப்பெயரோடு இணைப்பதை இன்றைய மொழிநூல் ஏற்பதில்லை. பொருள் மாறிய வழியைக் கற்பனையால் தொடர்ந்த வீக்கோவிடம், ஒலி மாறிய வழியைச் சோதிக்கும் கருவி இல்லை. அதனை வகுத்தளித்தோர் 19ஆம் நூற்றாண்டின் ஒப்பியல் மொழிநூலார்.