உதகையின் மிலார்க் கூரை

பனியிலே செடி கருகிப் போயிற்று என்று நீலகிரிவாசி ஒருவர் சொல்லக் கேட்டால், சமவெளியிலிருந்து முதன்முறையாக மலையேறி வந்தவர் அதைச் சொற்பிழை என்றே எண்ணக்கூடும். கருகுதல் என்பது நெருப்புக்கும் கோடை வெயிலுக்கும் உரிய தொழில் என்றும், பனியோ நனைக்கும், நடுக்கும், தைப்பனியாயின் தரையைத் துளைக்கும், மாசிப்பனியாயின் மச்சைத் துளைக்கும், அதற்குமேல் ஒன்றும் செய்துவிடாது என்றும் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் உதகமண்டலத்தில் ஒரு மார்கழி இரவு கழிந்து பொழுது விடிந்தபின், முந்தின நாள் மாலை வரையில் பச்சைப் பசேலென்று நின்ற செடி, அடுப்பருகே வைத்து வாட்டினாற்போலக் கறுத்துத் தலை சாய்ந்து நிற்பதைக் கண்டவர்கள், அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் அதற்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

இந்த விபரீதம் எவ்வாறு நேருகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுமட்டும் மலைமேல் மேகம் கம்பளம்போல் விரிந்திருக்கிறது. பகலில் பூமி வாங்கிக்கொண்ட உஷ்ணம் இரவில் ஆகாயத்துக்குத் தப்பி ஓடாமல் அந்த மேகம் தடுத்து நிறுத்துகிறது. மழை ஓய்ந்து, வானம் நிர்மலமாகி, காற்றும் அசையாதிருக்கும் இரவுகள் வந்தவுடன் அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. முதலில் நீர்ப்பனி, பின்பு உறைபனி. திறந்தவெளியில் நிற்கும் புல்லும் இலையும் தம் உஷ்ணத்தை நேரே ஆகாயத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் அதிகமாகக் குளிர்ந்து விடுகின்றன. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து அதன் நுண்ணிய அறைகளைச் சிதைக்க, காலையில் எழும் மலைச் சூரியன் அதைச் சடுதியில் உருக்கி மிச்சக் காரியத்தையும் முடித்துவிடுகிறான். குளிர்ந்த காற்றோ கனமானது. சரிவுகளின் வழியே தண்ணீரைப் போல வழிந்து பள்ளங்களில் தேங்கும் சுபாவமுடையது. ஆதலால்தான் காந்தள், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் ஆகிய தாழ்ந்த இடங்களில் உறைபனி கடுமையாகவும், மேட்டுச் சரிவுகளில் மென்மையாகவும் விழுகிறது.

மலையின் ஆதித் தாவரங்கள் இந்த இரகசியத்தை அறிந்தவை போலத் தம்மை அமைத்துக்கொண்டிருக்கின்றன. மேல்மலையின் இயற்கைத் தோற்றம் அகன்ற புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கிய சோலைக்காடுமாகும். சோலை மரத்தின் இளங்கன்று திறந்த புல்வெளியில் பிழைக்க இயலாமைக்கு உறைபனி ஒரு முக்கிய காரணம் என்று தாவர ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். சோலைக்குள்ளேயோ மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று பின்னி ஒரே கூரையாகி, தரையின் வெதுவெதுப்பை வெளியே விடாமல் காக்க, அக்கூரையின் நிழலில் கன்றுகள் சுகமாக வளருகின்றன. வெளியே தனித்து நின்று பனியைச் சகிக்கும் ஆற்றல் செந்நிறப் பூப்பூக்கும் காட்டுப் பூவரசு போன்ற வெகுசில மரங்களுக்கே வாய்த்திருக்கிறது. மலைக்குடிகளான தோடர்களும், பாதி உருளையைக் கவிழ்த்தாற்போன்று வளைந்து தரைவரை இறங்கும் புற்கூரையின் கீழ், தவழ்ந்து நுழையவேண்டிய சின்னஞ்சிறு வாயிலை வைத்தே தங்கள் இல்லங்களை அமைத்தார்கள். மற்றொரு மலைக்குடியினரான படகர்களின் ஹட்டி என்னும் ஊர்கள் பெரும்பாலும் பள்ளத்தை விட்டு மேட்டுச் சரிவுகளிலேயே எழுந்தன.

1819-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் மலைமீதேறியதும், 1822-இல் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியதும், பின்னர் ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கியதும் பலரும் அறிந்த சரித்திரம். அவருக்குப் பின்வந்த ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டின் சாயலைத் தேடி, ஏரியைச் சூழ்ந்த அந்த இனிய பள்ளத்தாக்கையே நகரமாக்கினார்கள். கண்ணுக்கு அது இங்கிலாந்தைப் போலத்தான் இருந்தது. ஆனால் இரவில் குளிர்காற்று வந்து தேங்கும் கிண்ணமும் அதுவே. ஊரின் அழகையும் ஊரின் உறைபனியையும் ஒரே நில அமைப்பு தந்தது என்பதை உணராமல் உதகையின் தோட்டக்கலையை விளங்கிக்கொள்ள முடியாது.

அரசினர் தாவரவியல் பூங்காவின் தோற்றம் மிகவும் எளியது. 1840-களில் அங்கு வசித்த ஐரோப்பியர்கள், நல்ல காய்கறி மலிவாகக் கிடைக்க வேண்டுமென்று மாதம் 3 ரூபாய் சந்தா சேர்த்து ஒரு தோட்டம் போட்டார்கள். அது நிலைக்கவில்லை. அக்காலத்தில் சென்னைக் கவர்னராக இருந்த டுவீடேல் பிரபுவின் ஆதரவில் ஒரு கமிட்டி ஏற்பட்டு, பொதுப்பூங்கா ஒன்றை ஸ்தாபிக்க முயன்றதன் பயனாக, இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848 மார்ச்சு மாதத்தில் உதகைக்கு வந்து சேர்ந்தார். தொட்டபெட்டாச் சிகரத்தின் அடிச்சரிவில் அவருக்குக் கொடுக்கப்பட்ட நிலத்தின் மேற்பாகம் செங்குத்தான காடு, கீழ்ப்பாகம் சதுப்பு, இரண்டையும் ஊடறுத்து ஆழமான ஓடைப் பள்ளங்கள். அதைத் திருத்திப் படிப்படியாகத் தளங்கள் கட்டிப் பூங்காவாக்கச் சுமார் 10 ஆண்டுகள் ஆயின. இன்று ஏறக்குறைய 22 ஹெக்டேர் பரப்பில், கடல் மட்டத்திற்கு மேல் 2,250 மீட்டர் தொடங்கி உயர்ந்து செல்லும் அப்பூங்காவில், பனி மிகுதியாக இறங்கும் இடம் பழைய சதுப்பின்மேல் அமைந்த கீழ்ப் புல்வெளியேயாகும்.

கியூவில் கற்ற குளிர்காலப் பாடம் நீலகிரியில் அப்படியே செல்லுபடியாகும் ஒன்றன்று. இங்கிலாந்தில் குளிர் படிப்படியாக வந்து மாதக்கணக்கில் இரவும் பகலும் தங்குவதால், செடிகள் இலை உதிர்த்து உறங்கிப் போகின்றன. உறங்கும் செடியைப் பனி அவ்வளவாகத் தீண்டுவதில்லை. விஷுவரேகைக்கு 11 பாகை வடக்கிலுள்ள உதகையிலோ, இரவில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இறங்கினாலும், பகலில் 20 பாகையைத் தொடும் வெயில் தினந்தோறும் வந்து செடியைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது. அது தூங்குவதேயில்லை, இளந்தளிரும் மொட்டும் விட்டுக்கொண்டிருக்கிறது, அந்த இளமையின்மேல்தான் உறைபனி விழுகிறது. ஆகவே மாதக்கணக்கில் செடியைப் பொதிந்து வைத்துவிடும் காப்பு இங்கே உதவாது. இரவில் ஆகாயத்தை மறைக்கவும் வேண்டும், பகலில் வெளிச்சத்தையும் காற்றையும் விடவும் வேண்டும் என்ற இரட்டை நிபந்தனைக்கு உட்பட்ட காப்பே இந்த மலைக்கு ஏற்றது.

அதற்கு உதகையில் கைகண்ட உபாயம் மிலார். மிலாறு என்றால் வளார், மெல்லிய இளங்கொம்பு என்று பொருள். பேச்சில் அது மிலார் என்று வழங்குகிறது. பூங்காத் தொழிலாளர்கள் கோத்தகிரி மிலார் என்று பெயரிட்டழைக்கும் புதர்க்கிளைகளைக் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வெட்டிக் கொணர்ந்து, பாத்திகளில் நட்டிருக்கும் மென்மையான மலர்ச் செடிகளுக்கும் அலங்காரச் செடிகளுக்கும் மேலே, சிறியதற்குக் கவிழ்த்த கூடைபோலவும், பெரியதற்குக் கூம்பிய குடிசைபோலவும் சாத்திக் கட்டுகிறார்கள். கண்ணாடியும் துணியும் அரிதாயிருந்த காலத்து ஏழை உபாயம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மேற்கூறிய இரட்டை நிபந்தனையை நினைத்துப் பார்த்தால், கொம்பும் இலையும் விரவிய மிலாரைப்போல் அதை நிறைவேற்றும் பொருள் வேறொன்று உண்டா என்றே தோன்றுகிறது. இடைவெளிகளின் வழியே காலை வெயில் பொட்டுப் பொட்டாக இறங்குவதால், குளிர்ந்த இலை திடீரென்று சுடப்படாமல் மெல்ல மெல்ல இளகுகிறது. உள்ளே காற்று புழுங்குவதில்லை. இரவில் தரையின் உஷ்ணம் கிளைகளில் தடுக்கப்பட்டுச் செடியருகே தங்குகிறது. சோலைக்காடு தன் கன்றுகளுக்குச் செய்யும் அதே உபகாரத்தை, ஒரு முழ உயரத்தில், ஒற்றைச் செடிக்கு மனிதன் கையால் செய்து கொடுப்பதே மிலார்க் கூரை. வெளிநாட்டுச் செடிகளை ஏராளமாகக் கொண்டுவந்து நிரப்பிய இடத்தில், அவற்றைக் காக்க அம்மலையின் புதரையும் அம்மலையின் முறையையுமே நாடவேண்டியிருந்தது.

மெக்ஐவரின் புகழ் பூங்காவோடு நின்றுவிடவில்லை. 1860-க்குப் பின், குவினைன் மருந்து தரும் சின்கோனாப் பயிரை மலையில் வேரூன்றச் செய்ததில் அவர் பங்கு பெரிது. குளிர் தாங்கும் இனம் தொட்டபெட்டாவிலும், வெதுவெதுப்பை விரும்பும் இனம் தாழ்ந்த நடுவட்டத்திலும் செழித்தன. பட்டையைக் கீற்றாக உரித்தபின் காயத்தை ஈரப்பாசியால் மூடினால், மரம் சாகாமல் புதுப்பட்டை பூணுவதோடு, அப்பட்டையில் குவினைன் சத்தும் மிகுகிறது என்று கண்டவர் அவரே. மூடிக் காப்பதன் அருமையை நன்கறிந்த அந்த மனிதர் 1876-இல் காலமானார். அவர் பெயர் நூல்களில் நிலைத்திருக்கிறது. மார்கழிதோறும் குனிந்து மிலார் சாத்தும் தொழிலாளர்களின் பெயர்களோ எந்த நூலிலும் ஏறவில்லை என்பதை வருத்தத்தோடு இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

புல்வெளிக்கு மிலார் போட முடியாது. அதற்குத் தண்ணீரே மருந்து. சூரியன் படுமுன் புல்லின்மீது நீரைத் தெளித்துப் பனித்துகளைக் கழுவிவிட்டால் புல் கருகாது. முன்பு கையால் செய்த அந்த வேலையை இப்பொழுது தரைக்குள்ளிருந்து எழும்பும் தெளிப்பான்கள் செய்கின்றன. தொட்டிகளில் வளரும் நுட்பமான செடிகளுக்குக் கண்ணாடி மாளிகை இருக்கிறது. உருளைக்கிழங்கு, தேயிலை விளைவிக்கும் குடியானவர்களின் கவலை இதைவிடப் பெரியது. அது தனியே எழுதத் தக்கது.

உறைபனிக்காலமும் நாற்றுக் காலமும் ஒன்றாக வருவதுதான் பூங்காவின் பெரிய சோதனை. 1896 முதல் நடந்துவரும் மலர்க் காட்சி மே மாதத்தில் கூடுகிறது. அதற்கு வேண்டிய விதைகளை விதைத்து, நாற்றைப் பிடுங்கி நடவேண்டிய மாதங்களோ மார்கழியும் தையும் மாசியும். கோடையில் இலட்சக்கணக்கானோர் வியந்து பார்க்கும் பூக்கள், குளிர்காலத்தில் இரண்டு இலையும் ஒரு குருத்துமாக மிலாரின் கீழ் ஒடுங்கியிருந்தவையே. தைமாதத்தில் வரும் பிரயாணிகள், காய்ந்த குச்சிகள் குவித்த பாத்திகளைப் பார்த்து, இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவதைக் காணும்போது, அவர்களைச் சற்றே நிறுத்தி அக்குச்சிகளை விலக்கிக் காட்டவேண்டும் என்று என் மனம் துடிக்கும்.

ஒரு தைமாத விடியற்காலையில் நான் அப்பூங்காவில் இருந்தேன். கீழ்ப் புல்வெளி உப்பளம்போல் வெளுத்துக் கிடந்தது. காலடி பட்ட இடத்தில் பின்னால் புல் கறுக்கும் என்று காவலர் எச்சரித்தபடியால், ஓரமாகவே நடந்து மேலே ஏறினேன். தளம் தளமாக ஏற ஏற வெண்மை குறைந்து, புல்லின் நுனிகளில் மட்டும் நின்று, பிறகு அதுவும் அற்றுப்போயிற்று. பூங்காவின் மேற்புறத்துத் தோடர் மந்தை என்னும் குடியிருப்பை நெருங்கி, மரங்கள் அடர்ந்த ஓரத்தில் நின்று ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தபோது, விரலில் ஒட்டியது வெறும் நீர். திரும்பிக் கீழே நோக்கினேன். வெள்ளைப் பள்ளத்தின் நடுவே, பழுப்பு நிறமாய், வரிசை வரிசையாக மிலார்க் கூரைகள் தெரிந்தன. இரண்டு பெண்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே வந்தார்கள்.