கொழும்புத் தமிழரும் வாக்குரிமையும்

கொழும்பு மாநகரில் வாழும் தமிழர் தமது வாக்குரிமையை எவ்வாறு பயன்படுத்தி வந்துள்ளனர் என்பதை நம் சங்கத்து வாலிபர்கள் அறிந்திருத்தல் நன்று. யாழ்ப்பாணத்தைப் போலன்றி, இங்கே நாம் எத்தொகுதியிலும் பெரும்பான்மையினர் அல்லேம். வெள்ளவத்தையில் உத்தியோகத்தரும் இலிகிதருமாக, கொட்டாஞ்சேனையில் வணிகரும் துறைமுகத் தொழிலாளருமாகப் பிற சமூகத்தாரோடு கலந்து வாழ்ந்து வருகிறோம். ஆகவே பிறர் வாக்கோடு சேர்ந்தே நம் வாக்கு பெரும்பாலும் பயன் தந்துள்ளது. தேர்தல் முறை இடங்கொடுத்தபோது நம்மவர் சபையேறினர். இடங்கொடாதபோது பிறர் தந்த வாக்குறுதியையே நம்பியிருக்க நேர்ந்தது.

1911 ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபையின் ‘படித்த இலங்கையர்’ ஆசனத்துக்கு நாடு முழுவதற்குமான தேர்தல் நடைபெற்றது. வாக்காளர் மூவாயிரவருக்கும் குறைவு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார். தமிழர் வாக்கோடு சிங்களவரில் ஒரு சாரார் வாக்கும் சேர்ந்தமையே அவ்வெற்றிக்குக் காரணம். இனபேதம் கடந்த வெற்றி என்று அதனைப் போற்றுவோர், அதிற் சாதிப்போட்டியும் கலந்திருந்ததை மறத்தலாகாது.

அடுத்து வந்தது ஏமாற்றம். மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாக ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் 1918 டிசம்பரில் எழுத்து மூலம் உறுதி கூறினர். அதை நம்பியே தமிழ்த் தலைவர்கள் இலங்கைத் தேசிய காங்கிரசில் இணைந்தனர்; 1919 இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அதன் முதல் தலைவரானார். 1921 இல் அவ்வுறுதி காப்பாற்றப்படவில்லை. கொழும்பு நகர ஆசனம் ஜேம்ஸ் பீரிசுக்கே சென்றது. அருணாசலம் காங்கிரசை விட்டு நீங்கித் தமிழ் மகாசன சபையைத் தோற்றுவித்தார். இலங்கையின் இன அரசியலில் முதற் பெரும் பிளவு கொழும்பின் ஓர் ஆசனம் காரணமாகவே விளைந்தது என்பது சிந்திக்கத்தக்கது. 1924 இல் மேல் மாகாணத் தமிழருக்குத் தனி ஆசனம் கிடைத்தது; அருணாசலத்தின் புதல்வர் மகாதேவா அதற்குத் தெரிவானார்.

1931 இல் டொனமூர் திட்டம் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்துச் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. இனி நகரில் தமிழருக்கு இடமில்லை என அஞ்சினோர் உளர். ஆயினும் வட கொழும்பு மக்கள் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்துவை அரசாங்க சபைக்கு அனுப்பினர். தேர்தல் வழக்கினால் அவ்வாசனம் வறிதாகவே, 1932 இல் அவர் மனைவியார் நேசம் சரவணமுத்து தெரிவானார். அச்சபையின் இரண்டாவது பெண் உறுப்பினர் அவரே. 1936 இல் மீண்டும் வென்றார். 1937 இல் இரத்தினசோதி கொழும்பின் முதல் மேயரானார். அயலவரின் நம்பிக்கையைத் தேடிக்கொண்ட தமிழர் பொது வாக்கிலும் வெல்லலாம் என்பதற்கு இது சான்று.

1947 இல் மத்திய கொழும்பு மூன்று அங்கத்தவர் தொகுதியாயிற்று. அங்கே வாக்காளர் ஒருவர் தம் மூன்று வாக்குகளையும் ஒரே அபேட்சகருக்கு அளிக்கலாம். சிறுபான்மையினருக்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் 1948, 1949 ஆம் ஆண்டுகளிற் பிறந்த பிரசாவுரிமை, தேர்தற் சட்டங்கள் இந்திய வம்சாவளித் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தன. மலைநாட்டுத் தோட்டங்களைப் போலவே கொழும்பின் கடைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தோருள்ளும் பலர் வாக்கிழந்தனர். இச்சட்டங்களை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசினின்று பிரிந்த செல்வநாயகம் முதலானோர் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதும் கொழும்பு மருதானையிலேயே.

வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதியோ 1947 இலும், பின்னர் சமசமாசக் கட்சியின் சார்பில் 1956 இலும் கொல்வின் ஆர். டி சில்வாவைத் தெரிவு செய்தது. அக்கட்சி அப்போது இரு மொழிக்கும் சம அந்தஸ்துக் கோரியது. சிங்களம் மட்டும் சட்டத்தினால் நாடு இரண்டாகும் என்று 1956 இல் பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் அவர். அவரே 1972 ஆம் ஆண்டு யாப்பை வரைந்த அமைச்சருமானார். சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக அவ்யாப்பு உறுதிப்படுத்தியது. கொள்கையை நம்பி அளித்த வாக்குக்கும் காவல் வேண்டும் என்பதை நமக்கு இதைவிடத் தெளிவாக உணர்த்தியது வேறில்லை.

1978 யாப்பின் விகிதாசார முறை, 1989 முதல் பாராளுமன்றத் தேர்தல்களில் நடைமுறைக்கு வந்தபோது சிதறிய வாக்குகள் மாவட்ட அளவில் ஒன்று திரள வழி பிறந்தது. ஒரு கட்சிக்குப் புள்ளடியும், மூவருக்கு விருப்பு வாக்கும் இடலாம். இவ்வழியில் மனோ கணேசன் 2001 முதல் பலமுறை தெரிவானார், தி. மகேஸ்வரன் 2004 இல் தெரிவானார். இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய கொட்டாஞ்சேனைச் சிவன் கோயிலிலே 2008 ஜனவரி 1 அன்று மகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டதை நம் மூத்தோர் மறவார். 2024 இல் தேசிய மக்கள் சக்தி பெருவெற்றி பெற்றபோது மனோ கணேசன் மாவட்டத்தில் தெரிவாகவில்லை; தேசியப் பட்டியல் மூலமே பாராளுமன்றம் புகுந்தார்.

வாலிப அன்பர்காள்! எக்கட்சிக்கு வாக்களிப்பது என்பது அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. ஆனால் இடாப்பிற் பெயரில்லாதார்க்குத் தேர்தல் நாளில் மனச்சான்று இருந்தும் பயனில்லை. ஊரிலே பெயரும் இங்கே வாழ்வுமாக இருப்போர், வாடகை வீடு மாறுவோர் ஆகியோரின் பெயர்களே எளிதில் விடுபடுகின்றன. ஆண்டுதோறும் இடாப்புத் திருத்தப்படும் காலத்தில் நம் சங்கத்தார் வீடு வீடாகச் சென்று கிராம உத்தியோகத்தரின் படிவம் நிரப்பப்பட்டதா என வினவுவார்களாயின், அதுவே சமூகத்துக்குச் செய்யும் பெருந்தொண்டாகும். பறிக்கப்பட்ட உரிமையை மீட்க நம் முன்னோர் நெடுங்காலம் போராடினர். கையிலுள்ள உரிமையைச் சோம்பலால் இழத்தல் நமக்கு அழகன்று.