மூளைக்கும் ஒரு வடிகால் உண்டு: 1787-ல பாத்ததை 2015-ல திரும்பப் பாத்த கதை

இன்னைக்கு எபிசோட் கிரிக்கெட்ல ஆரம்பிச்சு பாதரசம், பூனை, குத்துச்சண்டைன்னு எங்கெங்கேயோ போகும். கூடவே வாங்க.

2019 ஆகஸ்ட் 17, லார்ட்ஸ் மைதானம். ஜோஃப்ரா ஆர்ச்சர் மணிக்கு 148 கிலோமீட்டர் வேகத்துல போட்ட பவுன்சர், ஸ்டீவ் ஸ்மித்தோட கழுத்துல, காதுக்குக் கீழ வந்து அடிச்சது. அப்போ அவர் 80 ரன். வெளிய கூட்டிட்டுப் போய் டாக்டர் பரிசோதனை பண்ணினாங்க, பாஸ் ஆகிட்டார். கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து 92 வரைக்கும் ஆடினார். மறுநாள் காலைலதான் தலைவலி, மந்தம். ஸ்மித் விலக, அவருக்குப் பதிலா இறங்கின மார்னஸ் லபுஷேன், டெஸ்ட் வரலாற்றுலயே முதல் கன்கஷன் சப்ஸ்டிட்யூட் ஆனார்.

லேசான தலைக்காயத்தோட விசித்திரமே இதுதான். அடி ஒரு நொடியில முடிஞ்சிடுது, பிரச்சினை நாள் கணக்கா, சிலருக்கு மாசக் கணக்கா ஓடுது. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாது. அந்த நாட்கள்ல உள்ள என்ன நடக்குதுன்னு தேடிப் போன பாதைகள்ல ஒண்ணு, மூளையோட கழிவு வெளியேற்றும் அமைப்புல வந்து நிக்குது. அந்த அமைப்பு இருக்குன்னு ஒத்துக்கவே மருத்துவ உலகத்துக்கு இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

உடம்போட மத்த பாகங்கள்ல கழிவுநீரை இழுத்துட்டுப் போறது நிணநீர் நாளங்கள். ரத்தக் குழாய் மாதிரியே ஒரு வலைப்பின்னல், ஆனா ரொம்ப மெல்லிசு, நிறமே இல்லாதது. இத்தாலியில சியேனா பல்கலைக்கழகத்துல இருந்த பாவ்லோ மஸ்காஞ்ஞி, பிணங்களோட நாளங்கள்ல பாதரசத்தை ஏத்தி, அது வெள்ளியா மின்னுற வழியைப் பாத்துப் பாத்து உடம்பு முழுக்க வரைபடம் போட்டார். 1787-ல அது பிரம்மாண்டமான புத்தகமா வந்தது. அதுல மூளையைச் சுத்தியிருக்கிற உறையிலயும் நிணநீர் நாளங்கள் இருக்குன்னு எழுதியிருந்தார்.

யாரும் நம்பல. பின்னாடி வந்த பாடப்புத்தகங்கள் எல்லாம் ஒரே குரல்ல சொன்னது: மூளைக்கு நிணநீர் நாளம் கிடையாது. யோசிச்சுப் பாருங்க. உடம்பு எடையில வெறும் 2 சதவீதம் இருந்துட்டு, உடம்போட சக்தியில 20 சதவீதத்தைச் சாப்பிடுற உறுப்பு. ஊர்லயே அதிகமா சமைக்கிற வீட்டுக்கு மட்டும் சாக்கடை இணைப்பு இல்லைன்னு சொல்ற மாதிரி.

சந்தேகப்பட்டவங்க நடுநடுவுல இருந்தாங்க. 1869-ல ஜெர்மனியோட குஸ்டாவ் ஷ்வால்பே, நாயோட மூளையைச் சுத்தியிருக்கிற நீர்ல நீலச் சாயம் ஏத்தினார். சாயம் கழுத்து நிணநீர்க் கணுக்கள்ல போய் நின்னது. ஆறே வருஷத்துல, 1875-ல, ஸ்வீடனோட கீ, ரெட்ஸியஸ் ரெண்டு பேரும் அதே மாதிரி ஒரு சோதனையை மனிதப் பிணத்துல செஞ்சு, அந்த நீர் நேரா சிரைகளுக்குத்தான் போகுதுன்னு காட்டினாங்க. அவங்க படங்கள் அவ்வளவு அழகு. அடுத்த நூறு வருஷம் அந்தப் படங்கள்தான் ஜெயிச்சது. அழகான டயக்ராம் போட்டவர் பக்கம் மீட்டிங் சாயுறது நம்ம ஆஃபீஸ்ல மட்டும் இல்ல.

1985-ல அமெரிக்காவோட மேரிலாந்துல, பேட்ரிஷியா கிரேடியும் சக ஆய்வாளர்களும் பூனை, நாய்களோட மூளை நீர்ல ஒரு புரதத்தை அடையாளத்துக்காகக் கலந்தாங்க. சில நிமிஷத்துல அது ரத்தக் குழாய்களைச் சுத்தி இருக்கிற சந்து வழியா மூளைக்குள்ள ஆழமா இறங்கிடுச்சு. தமனியோட துடிப்பைத் தடுத்தப்போ, இறங்குறதும் வெகுவா குறைஞ்சது. அதாவது இதயத்துடிப்புதான் பம்ப்! இவ்வளவு பெரிய விஷயம், கவனிக்க ஆள் இல்லாம கிடந்தது. மத்த ஆய்வாளர்கள் செஞ்சப்போ அதே வேகம் வரலைங்கிறதும் ஒரு காரணம்.

ஏன் வரல? எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடம் இதுதான். மூளையை வெட்டி மைக்ரோஸ்கோப்புல வைக்கணும்னா முதல்ல உயிர் போகணும். உயிர் போனதும் துடிப்பு நிக்குது, சந்துகள் சுருங்குது, ஓட்டமும் நிக்குது. சர்வரை ஆஃப் பண்ணிட்டு, டிராஃபிக் எங்கேன்னு தேடுற கதைதான்.

2012-ல ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துல மைக்கன் நெடர்கார்டும் ஜெஃப்ரி இலிஃபும் ஆஃப் பண்ணாமலே பாத்தாங்க. உயிரோட இருக்கிற எலியோட மண்டையோட்டுல ஒரு சின்ன ஜன்னல், அதுக்கு மேல டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப். தமனியை ஒட்டி நீர் உள்ள வருது, செல்களுக்கு நடுவுல போகுது, சிரையை ஒட்டி கழிவோட வெளியேறுது. நடுவுல வேலை பாக்குறது ஆஸ்ட்ரோசைட்ங்கிற நட்சத்திர வடிவ செல்கள். அதோட பாதங்கள் ரத்தக் குழாயைப் போர்த்தியிருக்கும். அந்தப் பாதத்துல அக்வாபோரின்-4ங்கிற தண்ணிக் கதவுகள் நெருக்கமா இருக்கும். அந்தக் கதவே இல்லாத எலிகள்ல கழிவு வெளியேற்றம் சுமார் 70 சதவீதம் குறைஞ்சது. கிளியா செல்களையும் லிம்ஃபாட்டிக்கையும் சேத்து இதுக்கு கிளிம்ஃபாட்டிக்னு பேர் வெச்சாங்க.

இப்போ குத்துச்சண்டைக்கு வருவோம். 1928-ல, நியூ ஜெர்சியோட ஹாரிசன் மார்ட்லண்ட், பல வருஷம் அடி வாங்கின வீரர்கள் தள்ளாடுறதையும் பேச்சு குழறுறதையும் பத்தி 'பஞ்ச் ட்ரங்க்'னு ஒரு கட்டுரை எழுதினார். (ரேடியம் பெயின்ட் அடிச்சு செத்துப்போன தொழிற்சாலைப் பெண்களுக்காக ஆதாரம் திரட்டின அதே மார்ட்லண்ட். அவருக்குத் தனி எபிசோட் போடணும்.) 2002-ல அமெரிக்க ஃபுட்பால் வீரர் மைக் வெப்ஸ்டர் 50 வயசுல இறந்தப்போ, பிரேதப் பரிசோதனை செஞ்ச பென்னட் ஓமாலு கண்ணுக்கு மூளை நல்லாவே தெரிஞ்சது. சுருக்கம் இல்ல, ரத்தக்கசிவு இல்ல. மைக்ரோஸ்கோப்புல வெச்சப்போதான் டாவ்ங்கிற புரதம் குவிஞ்சு கிடந்தது தெரிஞ்சது. இந்த நோயை அடையாளம் காண இப்போ வெச்சிருக்கிற குறி என்ன தெரியுமா? மூளை மடிப்போட அடி ஆழத்துல, சின்ன ரத்தக் குழாய்களைச் சுத்தி டாவ் தேங்கியிருக்கிறது. கழிவு போக வேண்டிய அதே சந்துகளை ஒட்டி.

2014-ல இலிஃப் குழு எலிகளுக்குத் தலைக்காயம் உண்டாக்கிப் பாத்துச்சு. கிளிம்ஃபாட்டிக் ஓட்டம் சுமார் 60 சதவீதம் குறைஞ்சது. குறைஞ்சது ஒரு மாசமாவது அப்படியே இருந்தது. தண்ணிக் கதவுகள் பாதத்தை விட்டு செல் முழுக்கச் சிதறியிருந்தது. கதவு இல்லாத எலிகள்ல டாவ் இன்னும் மோசமாச்சு. காயத்தால குப்பை அதிகமாகுற நேரம் பாத்து குப்பை வண்டியும் நின்னுபோகுது.

அடுத்த வருஷமே, வர்ஜீனியாவுல ஜோனதன் கிப்னிஸோட லேபும், ஹெல்சின்கியில காரி அலிடாலோவோட லேபும், எலியோட மூளை உறையில நிணநீர் நாளங்களைத் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. மஸ்காஞ்ஞி சொன்னது சரி. 228 வருஷம்! 2020-ல வர்ஜீனியாவுலயே இன்னொரு குழு, லேசான தலைக்காயமே போதும், அந்த நாளங்களோட வடிகால் சில மணி நேரத்துல கெட்டுப்போகுது, ஒரு மாசத்துக்குக் குறையாம நீடிக்குதுன்னு காட்டுச்சு. ஏற்கனவே வடிகால் மோசமா இருந்த எலிகளுக்கு அழற்சியும் ஞாபகப் பிரச்சினையும் அதிகம். முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி ஏன் பயமுறுத்துதுன்னு யோசிக்க இது நல்ல காரணம்.

ஒரு நிமிஷம், இதெல்லாம் எலி. மனுஷங்கள்ல நார்வே குழு ஒண்ணு முதுகுத்தண்டு வழியா கான்ட்ராஸ்ட் திரவம் ஏத்தி, எம்.ஆர்.ஐ-ல ஓட்டத்தைப் பாத்திருக்கு. ஒரு ராத்திரி தூங்காம இருந்தா கழிவு வெளியேற்றம் மந்தமாகுதுன்னும் 2021-ல சொல்லுச்சு. ஆனா தூக்கத்துல மூளை தன்னைக் கழுவிக்குதுன்னு 2013-ல இருந்து நாம கேட்டுட்டு இருக்கிற கதைக்கு, 2024-ல லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆய்வு ஒண்ணு நேர் எதிரா வந்தது: எலிகள் தூங்கும்போது வெளியேற்றம் குறையுதாம். நெடர்கார்ட் தரப்பு அவங்க அளந்த முறையே தப்புங்குது. சண்டை இன்னும் முடியல. 2023-ல நெடர்கார்ட் குழு, நார்அட்ரினலினை அடக்குற பழைய மருந்துகளைக் கொடுத்து காயம்பட்ட எலிகளோட ஓட்டத்தை மீட்டெடுத்துச்சு. மனுஷங்களுக்கு இது சிகிச்சையா இன்னும் வரல.

பைக்ல இருந்து விழுந்து சி.டி. எடுத்து 'நார்மல்'னு பேப்பர் வாங்கினவங்க நம்மள்ல நிறைய பேர். அந்த பேப்பர் சொல்றது ரத்தக்கசிவு இல்ல, எலும்பு முறிவு இல்லைன்னு. அது முக்கியமான செய்திதான், அதுல நிம்மதி அடையலாம். ஆனா வடிகால் ஓடுதான்னு சி.டி. பாக்கவே இல்ல, அதைப் பாக்க அதால முடியாது. அதனால ஒரு வாரம் கழிச்சும் தலை கனக்குது, ஸ்க்ரீன் பாத்தா கூசுதுன்னு யாராவது சொன்னா, 'ஸ்கேன் க்ளீனா இருக்கே, சும்மா நடிக்காத'ன்னு சொல்லாதீங்க. முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவா நடமாட்டம், டாக்டர் சொல்ற வரைக்கும் மறுபடி அடிபடக்கூடிய எந்த ஆட்டமும் வேண்டாம். தலைவலி ஏறிக்கிட்டே போனா, திரும்பத் திரும்ப வாந்தி வந்தா, குழப்பமா பேசினா, எழுப்பினாலும் எழுந்திருக்கலன்னா, காலைல பாத்துக்கலாம்னு விடாம அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.