இடுப்பு வலியும் இரு மருந்துகளும்

பிள்ளைப்பேற்று நோவைத் தமிழ் 'இடுப்பு வலி' என்கிறது. அதைத் தணிக்கும் எபிடியூரல் ஊசியும் இடுப்புப் பகுதியில்தான், தண்டுவட உறைக்கு வெளியிலுள்ள இடைவெளியில், செலுத்தப்படுகிறது. 1921இல் ஸ்பெயின் நாட்டு இராணுவ அறுவை மருத்துவர் ஃபிடல் பாஹெஸ் இம்முறையை விவரித்தார். முறையைவிட நெடிய வரலாறு, அவ்விடைவெளியில் எம்மருந்தைச் செலுத்துவது என்பதற்கு உண்டு.

1957இல் சுவீடனில் உருவான பூபிவக்கைன் நீண்ட நேரம் வலியடக்கியது. ஆயினும் செறிவு கூடினால் கால்கள் மரத்துப்போகும். முக்கித் தள்ளும் வலு குறையும். ஆயுதப் பிரசவம் மிகும். இம்மருந்தால் இதயம் நின்றுபோன நிகழ்வுகளை 1979இல் ஆல்பிரைட் சுட்டிக்காட்டினார். 1984இல் அமெரிக்கா பேறுகாலப் பயன்பாட்டிலிருந்து 0.75 விழுக்காட்டுச் செறிவை விலக்கிற்று.

தீர்வு வேறொரு திசையிலிருந்து வந்தது. ஓபியம் வகை மருந்துகள் தண்டுவடத்திலேயே நேரடியாக வலியடக்கும் என்பது 1976இல் விலங்குகளில் மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் பூபிவக்கைனோடு சிறிதளவு ஃபென்டனிலைச் சேர்த்து, முன்னதன் செறிவை வெகுவாகக் குறைக்க முடிந்தது. 1,054 தலைப்பிரசவப் பெண்களை ஆராய்ந்து 2001இல் வெளியான பிரித்தானியாவின் காமெட் ஆய்வில், 0.25 விழுக்காட்டுப் பழைய முறையில் இயல்பாய்ப் பிரசவித்தோர் 35 விழுக்காட்டினர். குறைசெறிவுக் கலவை முறைகளில் ஏறக்குறைய 43. (சிசேரியன் விகிதம் பெரிதும் மாறவில்லை, ஆயுதப் பிரசவமே குறைந்தது. இவ்வேறுபாட்டை மறந்து எழுதுவோர் பலர்.)

இந்தியாவில் இக்கலவையின் வரலாறு மருத்துவ நூலில் மட்டும் இல்லை. சட்ட நூலிலும் இருக்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டத்தின்கீழ் ஃபென்டனிலை வாங்கவும் வைத்திருக்கவும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்ட உரிமங்கள் தேவைப்பட்டன. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் 'இன்றியமையாப் போதைமருந்துகள்' என்றொரு வகையை உண்டாக்கி, நாடு முழுமைக்கும் ஒரே விதிக்கு வழிவகுத்தது. அப்பட்டியலிலுள்ள ஆறில் ஃபென்டனிலும் ஒன்று. அதற்கு மாற்றாக இந்திய மயக்கவியலாளர் ஆராய்ந்துவந்த டிரமடால் 2018இல் இதே சட்டத்தின் பிடிக்குள் வந்தது, சற்றே வேடிக்கையான திருப்பம்.

மும்பையின் தாராவிக்கு மிக அருகிலுள்ள பெரிய மாநகராட்சி மருத்துவமனை, 1947இல் தொடங்கப்பட்ட சயான் லோகமான்ய திலகர் மருத்துவமனை. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தனியார் மருத்துவமனையை நாடும் பெண் இச்சேவையை விலைக்குக் கேட்டுப் பெறலாம். தாராவிப் பெண்ணுக்கு மருந்தின் விலையன்று முதற்தடை. குழாய் பொருத்தியபின் இரத்த அழுத்தத்தையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் மணிக்கணக்கில் கவனிக்க ஆள் வேண்டும். நெரிசல் மிகுந்த பொதுப் பிரசவ அறையில் அந்த ஒருவரே அரிது. வேண்டும் எனக் கேட்கும் கர்ப்பிணிக்கு எபிடியூரலைப் பரிந்துரைக்கிறது 2018ஆம் ஆண்டின் உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டி. கேட்பதற்கு முதலில் அப்படியொன்று உண்டென்று, 'இடுப்பு வலி' என்று சொல்லும் மொழியிலேயே, யாரேனும் அவளிடம் கூறியிருக்க வேண்டும்.