வெண்பா (வீடியோ கேம்)

வெண்பா, டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி 2023 ஜூலை 31 அன்று வெளியான சமையல் கதை விளையாட்டு. இயக்கியவர், தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய அபி. ஓவியம் சாம் எல்கானா, இசை ஆல்ஃபா சம்திங்.

கதை 1988இல் கனடாவில் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை இது. குடியேறிகளின் கதைகளில் பெரும்பாலும் பிள்ளைதான் நாயகன். பெற்றோர் ஓரமாக நிற்பார்கள். அபி அம்மாவை நடுவில் நிறுத்தினார். மற்றவை எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

வெண்பாவிடம் இருப்பது தன் அம்மாவின் சமையல் குறிப்பேடு. பக்கங்கள் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றன. விடுபட்டதை ஆடுபவர்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் பலகாரம் இட்லி. தட்டுகளை அடுக்கும்போது மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக உட்கார்ந்தால் இட்லி உப்ப இடமிராது. தட்டைச் சற்றுத் திருப்பி வைத்தால்தான் ஆவி சீராக ஏறும். தமிழ்நாட்டு வீடுகளில் இதை யாரும் எழுதிவைத்துப் படிப்பதில்லை. அம்மா கையைப் பார்த்தே வந்துவிடும். பார்க்க அம்மா அருகில் இல்லாதவளுக்கு அதுவே புதிராகிறது. அபியின் நுட்பம் இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது. ‘ஓவர்குக்ட்’ போன்ற சமையல் விளையாட்டுகளில் கடிகாரம் துரத்தும். இங்கே அந்த அவசரம் கிடையாது. சொதப்பினால் மறுபடி செய்யலாம்.

அடுப்படி ரேடியோவில் ஒலிப்பவை இந்த விளையாட்டுக்கென்றே இசையமைத்த புதுப் பாடல்கள். தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலகட்டங்களின் பாணியில் அமைந்திருப்பதால், ஆண்டுகள் உருள்வதைக் காதே உணர்ந்துவிடுகிறது. பிற்பகுதியில் வளர்ந்த கவின் சமைக்க வருகிறான்; பாட்டியின் தமிழ்க் குறிப்பை அவன் தட்டுத்தடுமாறித்தான் படிக்கிறான்.

சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். கவின் வளரும் ஆண்டுகள் வேகமாகக் கடந்துபோவது ஒரு குறையே; தாய்க்கும் மகனுக்கும் இடையிலான விரிசலுக்கு இன்னும் ஓரிரு சமையல்கள் தந்திருக்கலாம். ஆனாலும் 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவான ஐஜிஎஃப்-இன் சீமஸ் மெக்நாலி பெரும்பரிசையும் வெண்பா பெற்றது.