பொற்கிழியும் பூமாலையும்

தோல்வியுற்றவன் தலை குனிவது இயல்பு. வெற்றி பெற்றவன், ஊரார் தன்னைப் புகழும் வேளையில் தன்னை மறத்தல் மிக அரிது. சமய நூலார் அகங்காரம் என்றும் மமகாரம் என்றும் குறிக்கும் ‘நான்’, ‘எனது’ என்னும் எண்ணங்கள் புகழ் நிழலிலேதான் தழைத்து வளர்கின்றன. அவற்றை வென்ற ஒரு பெரியாரை ஸ்ரீவில்லிபுத்தூர் நமக்கு அளித்திருக்கிறது.

விஷ்ணுசித்தர் என்பது அவர் பெயர். நந்தவனம் வளர்த்து, வடபத்ரசாயிப் பெருமாளுக்கு நாள்தோறும் மாலை கட்டிச் சாத்துவதே அவர் மேற்கொண்ட தொண்டு. பாண்டியன் ஸ்ரீவல்லபதேவன் மதுரையில் ஒரு பொற்கிழியைக் கட்டுவித்து, பரம்பொருள் இன்னதென நிறுவுவோர்க்கு அது பரிசு என அறிவித்தான் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. இம்மன்னனை ஒன்பதாம் நூற்றாண்டின் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்று கருதும் ஆராய்ச்சியாளர் பலர். பூக்கொய்யும் தொண்டரான விஷ்ணுசித்தர் அவ்வவைக்குச் சென்று வாதில் வென்றார். பொற்கிழி அவருக்கு உரியதாயிற்று. மன்னன் ‘பட்டர்பிரான்’ என்று பட்டம் சூட்டி, யானைமீது ஏற்றி நகர்வலம் வரச் செய்தான்.

அவ்வேளையில் இறைவன் கருடன்மேல் காட்சியளித்தான் என்பது மரபு. வேறொருவராயின், ‘என் புலமைக்குக் கிடைத்த சான்று’ என்று எண்ணியிருப்பர். அன்றேல் வரம் வேண்டியிருப்பர். விஷ்ணுசித்தரோ, இத்துணை அழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமே என்று இறைவனுக்காக அஞ்சினார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு, அவனுக்குப் பல்லாண்டு பாடினார். பன்னிரண்டு பாசுரங்களாலான அத்திருப்பல்லாண்டே நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தின் முதலில் நிற்கிறது. தம்மை மறந்த இப்பரிவினாலேயே அவர் ‘பெரியாழ்வார்’ எனப்பட்டார் என்று 1370-இல் தோன்றிய மணவாள மாமுனிகள் விளக்குகிறார்.

புகழைத் துறந்தவர்க்கும் ஒன்று எஞ்சி நிற்பதுண்டு. ‘என் தொண்டு தூயது, என் முறை வழுவாதது’ என்னும் எண்ணமே அது. துளசிச் செடியருகே கண்டெடுத்து அவர் வளர்த்த மகள் கோதை, இறைவனுக்குரிய மாலையைத் தான் சூடி அழகு பார்த்துப் பின்னர்க் கூடையில் வைத்தாள். அதனைக் கண்ட தந்தை மனம் வருந்தி, அன்று மாலை சாத்தாது விட்டார். இறைவனோ கனவில் தோன்றி, அவள் சூடிய மாலையே தனக்கு உகந்தது என்றான். தாம் வகுத்த முறையைவிட அன்பு பெரிது என்பதை ஆழ்வார் ஏற்றுக்கொண்டார். பொற்கிழியைக் கைவிடுவதினும் இது கடினம் அன்றோ?

இவ்வரலாறு தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. 1509 முதல் 1529 வரை விசயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், விஷ்ணுசித்தரையும் கோதையையும் பற்றித் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்னும் காவியம் இயற்றினார். சூடிக்கொடுத்தவள் என்பது அப்பெயரின் பொருள். பேரரசர் ஒருவர் தம் காவியத்துக்குப் பூமாலை கட்டிய ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தார் என்பது எண்ணத்தக்கது.

தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் பலர் வாழும் ஊர், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சில மைல் தொலைவிலுள்ள இராஜபாளையம். அவ்வூரினரான பூ. ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கினார். அவர் இராஜபாளையத்திலிருந்த தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். ஆழ்வாரோடு அவரை ஒப்பிடுவது நம் கருத்தன்று. ஆயினும் உயர் பதவியில் இருந்த ஒருவர், ‘என் வீடு’ என்பதை ‘ஊரார் மன்றம்’ ஆக்கியது, அதே பண்பு உலகியலில் வெளிப்படும் ஒரு வகை.

அகந்தையை விடுதல் என்பது அறிவை விடுதல் ஆகாது. விஷ்ணுசித்தர் அவைக்குச் செல்லாமல் ஒதுங்கவில்லை; வாதிட்டார், வென்றார். வென்ற பின் அவ்வெற்றியைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. நீங்களும் முயன்று கற்று முதன்மை பெறுங்கள். பரிசு கைக்கு வரும் நாளில், அதனை யாருக்காகப் பெற்றோம் என்று ஒருமுறை சிந்தியுங்கள்.