குடி விடுதல் (மலேசியத் தோட்டத் தமிழர்)

மலேசியத் தோட்டத் தமிழரிடையே குடியை விடுவது தனி ஆளின் மனவுறுதியோடு நின்றதில்லை. லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளின்) கண்ணும் சாமிக்குச் செய்துகொண்ட நேர்ச்சையும் அதில் பெரும்பங்கு வகித்தன.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து பறிக்க வந்தவர்களில் தமிழரே மிகுதி. லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். சம்பளத்தன்று எவன் தள்ளாடி வந்தான், எவன் நேரே வீட்டுக்கு வந்தான் என்பது பொழுது விடியுமுன் எல்லோருக்கும் தெரியும். 1991-இல் ஹேசல் மார்க்கஸ், ஷினோபு கிட்டயாமா இருவரும் எழுதிய கட்டுரை, ஆசியப் பண்பாடுகள் பலவற்றில் 'நான்' என்பது உறவுகளோடு பின்னியே உணரப்படுகிறது என்றது. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புதுச்செய்தி அன்று.

கேமரன் மலை, கள் தரும் தென்னை வளராத குளிர்மலை. அதனால் கள்ளெதிர்ப்பின் பெருங்கதை கீழ்நாட்டு ரப்பர் தோட்டங்களில்தான் நடந்தது. அங்கே தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருக்கும். கூலியின் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும். 1941-இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு இரண்டு கோரிக்கைகள் சேர்ந்து வந்தன: கள்ளுக்கடையை மூட வேண்டும்; தோட்டத் துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். குடியை விடுவது உடல்நலப் பேச்சாக இல்லாமல் மானப் பிரச்சினையாக மாறியது இங்கேதான். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை, இந்திய தேசிய ராணுவத்தின் சாயலில் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை மறித்தது. 1947-இல் பிடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதலும் நடந்தது. பல ஆண்டு மேடைப் பிரசாரம் அசைக்காதவர்களையும், சொந்தத் தம்பியே கடைவாசலில் நின்று மறித்தது அசைத்திருக்கும்.

விரதம் வேறு வகை. தைப்பூசக் காவடிக்காக நோன்பிருப்பவர் கறியும் குடியும் தொடுவதில்லை. மற்றவர்களும் அவரைக் குடிக்க அழைப்பதில்லை, அழைத்தால் பாவம். சுற்றியிருப்பவர்களே வேலியாகிவிடுவதால் தடுமாற்றம் குறைகிறது. ஆனால் விரதத்துக்கு முடிவுநாள் உண்டு. காவடி இறக்கிய மறுவாரமே பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்தவர்கள் ஏராளம். கள்ளுக்குப் பதிலாக மலிவான சம்சு என்னும் சாராயம் வந்ததும் வேலியின் பலவீனத்தைக் காட்டியது: கடையை மறிக்கலாம், இடுப்பில் செருகிய புட்டியை மறிப்பது கடினம்.

இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் வங்காளதேசம், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். தமிழ்க் குடும்பங்களில் பல நகர அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெயரே தெரியாது. அங்கே குடியை விட வேண்டியவரைத் தனியே உட்கார வைத்து உறுதிமொழி வாங்குவதைவிட, மனைவியையும் மச்சானையும் கூட அழைத்துப் பேசுவதே இந்தச் சமூகத்துக்குப் பொருந்தும்.